ஆள் பிடிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள்

பாலசமுத்திரத்துப் பையன் ஒருவன் ஏதோ வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் ஊர் முதலில் கேட்பது, "அங்க நமக்கு ஆள் இருக்கா?" என்றுதான். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் கேட்பார்கள், பழனிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார். பையன் என்ன படித்தான், எதில் கெட்டிக்காரன் என்பதெல்லாம் பிறகு. ஆனாலும் முன்பெல்லாம் சிபாரிசு என்றால் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவோம். இப்போது அதற்குக் கோட்டு மாட்டி மேடையேற்றிவிட்டார்கள். கல்லூரியின் வேலைவாய்ப்பு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர், புள்ளிகளும் கோடுகளுமாய் ஒரு படத்தைத் திரையில் காட்டி, "திறமை மட்டும் போதாது தம்பிகளா, நெட்வொர்க்கிங் வேணும். நீங்க எவ்வளவு உயரம் போவீங்கங்கிறதை உங்களுக்கு யாரைத் தெரியுங்கிறதுதான் முடிவு பண்ணும்" என்கிறார். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். முன்வரிசையில் முதல்வர் தலையாட்டுகிறார்.

இந்த அறிவுரை தவறு என்பது என் கட்சி. இடம் பார்த்து ஓரளவு சரி, ஆள் பார்த்து ஓரளவு தவறு என்று மழுப்ப மனமில்லை. வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது தவறு என்பதோடு நிற்காது. அது அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

முதலில் அந்த மேடைப் பேச்சாளரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஐயாயிரம் பேரைத் தெரியும் என்பது உண்மையாக இருக்கலாம். எப்போதிலிருந்து தெரியும்? பதவி வந்த பிறகுதானே? பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவரைத் தேடி நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேர் நானூறு பேராவார்கள். அதைத் திருப்பிப் போட்டு, அந்த நானூறு பேர்தான் தன்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்கிறார் அவர். பாலாறு–பொருந்தலாறு அணை நிரம்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, அணை நிரம்பியதால்தான் மலையில் மழை பெய்தது என்று சொல்வது போல. மேடைகளில் இன்னொன்றும் சொல்வார்கள்: நூற்றுக்கு எண்பது வேலைகள் தொடர்பால்தான் கிடைக்கின்றனவாம். சில மேடைகளில் அது எண்பத்தைந்தாகும். யார் எண்ணியது, எந்த ஊரில் எண்ணியது என்று கேட்டால் பதில் வராது.

இந்த நம்பிக்கையை மட்டுமே முதலாகப் போட்டு நடக்கும் தொழில் ஒன்று நம் பக்கத்தில் உண்டு. புரோக்கர் தொழில். அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் மோசடி என்ற செய்தி வராத வாரம் எந்த மாவட்டப் பதிப்பிலாவது உண்டா? அந்த ஆளிடம் இருக்கும் ஒரே சரக்கு, "செக்ரட்டேரியட்ல எனக்கு ஆள் தெரியும்" என்ற ஒற்றை வாக்கியம். அவர் செய்யும் வித்தை எளியது. பத்துப் பேரிடம் பணம் வாங்குவார். எங்கேயும் போக மாட்டார், யாரையும் பார்க்க மாட்டார். பத்தில் ஒன்றிரண்டு பேர் சொந்த மதிப்பெண்ணாலேயே தேறிவிட்டால், அது தன்னால் நடந்தது என்று அந்தப் பணத்தை வைத்துக்கொள்வார். மற்றவர்களிடம், "இந்தத் தடவை மேலிடத்துல மாறிடுச்சு, அடுத்த லிஸ்ட்ல கண்டிப்பா" என்பார். திருப்பிக் கொடுத்தால் நல்லவர். கொடுக்காவிட்டால் மாவட்டக் குற்றப்பிரிவில் இன்னொரு மனு.

பணம் கொடுக்கும் அப்பா முட்டாள் என்று நினைக்காதீர்கள். அடமானம் வைத்த நகைக்கு வட்டி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குத் தெரிந்தவர். ஆனால் ஆள் இல்லாமல் எதுவும் நடக்காது என்று அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். இப்போது மகன் கல்லூரியிலிருந்து வந்து, அங்கேயும் அதைத்தான் சொன்னார்கள் என்கிறான். அதன் பிறகு அவர் யாரை நம்புவார்? மேடைப் பேச்சாளர் நினைத்துச் செய்யவில்லைதான். ஆனாலும் புரோக்கருக்கு இலவச விளம்பரம் செய்துவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் ராமானுஜனை இழுத்து வருவார்கள். கணித மேதை ராமானுஜனே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதித்தானே உயர்ந்தார், நெல்லூர்க் கலெக்டரின் தயவு இருந்ததே, துறைமுகத்தில் வேலை கிடைத்தது சிபாரிசில்தானே என்பார்கள். நல்லது, பார்த்துவிடுவோம்.

எஃப்.ஏ. தேர்வில் தோற்று, வேலை இல்லாமல் அலைந்த ராமானுஜன் 1910இல் ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். அவர் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அங்கிருந்து கணிதப் பேராசிரியர் சேஷு ஐயர், அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ், அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்தது, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை என்று கதை போகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதர் இருந்தார் என்பதை மறுக்கவே முடியாது. ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் ராமானுஜன் பிரித்து வைத்தது தன் கணக்கு நோட்டுப் புத்தகத்தை. கேம்பிரிட்ஜுக்கு எழுதியதும் அப்படித்தான். முதலில் எழுதிய அங்கத்திய கணிதர்கள் பேக்கரும் ஹாப்சனும் பயன்படும்படி எதுவும் செய்யவில்லை. தொடர்பின் மதிப்பு அவ்வளவுதான். 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தை ஹார்டி எடுத்துவைத்து, சக கணிதர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் படித்தார். அவர் பார்த்தது கடிதத்தோடு இருந்த தேற்றங்களை. முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவின் பெயரில் அவருக்கு என்ன இருந்தது?

கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேடையில் அதைச் சொல்ல மாட்டார்கள். ராமசாமி ஐயரையும் ராமச்சந்திர ராவையும் போய்ப் பார்க்க முடிந்ததே, அது எப்படி முடிந்தது? ஆங்கிலம் படித்த, உத்தியோகத்தில் இருந்த, ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் தடையின்றிப் போய்வரக்கூடிய ஒரு வட்டத்தின் ஓரத்திலாவது ராமானுஜன் பிறந்திருந்தார். வறுமையில்தான் பிறந்தார், வட்டத்துக்கு வெளியே பிறக்கவில்லை. அதே 1910இல் பழனிப் பாளையத்தின் பழைய தலைநகரான எங்கள் பாலசமுத்திரத்தில், வயலில் நின்றபடி மனக்கணக்கில் வல்லவனாக ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். அவன் எந்தத் துணைக் கலெக்டரின் திண்ணையில் ஏறியிருப்பான்? ஏற விட்டிருப்பார்களா? தொடர்பு என்பது உழைத்துச் சேர்ப்பது என்று சொல்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது நிலம்போலப் பரம்பரையாக வருவது. நிலமற்றவரைப் பார்த்து, நிலம் வைத்திருப்பது நல்லது என்று போதிப்பதில் என்ன புண்ணியம்?

ஆய்வுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. அவற்றில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் புது வேலைக்கு மாறியவர்களைக் கேட்டபோது, நெருங்கியவர்களைவிட எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் வழியாகத்தான் பலருக்கும் செய்தி வந்திருந்தது. நெட்வொர்க்கிங் வகுப்பு எடுப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பழக்கக்காரர்கள் யார் என்பதையும் கிரானோவெட்டரே எழுதியிருக்கிறார்: பழைய கல்லூரித் தோழர், முன்பு கூட வேலை பார்த்தவர், முன்னாள் முதலாளி. யாரும் விசிட்டிங் கார்டு நீட்டிப் பிடித்த ஆள் இல்லை. வேலை செய்த இடத்தில் வேலையின் ஊடே அமைந்த பழக்கம், தற்செயலாக மறுபடி சந்தித்ததில் பயன்பட்டிருக்கிறது. திட்டமிட்டு ஆள் சேர்த்ததற்கு அந்தக் கட்டுரையில் எங்கே சாட்சி?

அடுத்து லிங்க்ட்இன் தளத்தை வைத்து நடந்தது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு அது. ஐந்தாண்டுகள், 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள். அந்தக் காலத்தில் புதிதாக உண்டான தொடர்புகள் 200 கோடி. கிடைத்த புது வேலைகள் 6 லட்சம். ஓரளவு தூரத்துப் பழக்கங்கள்தான் அதிகம் உதவின என்பது முடிவு. முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. வகுத்துத்தான் பாருங்கள்: ஒரு வேலைக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள். எல்லோரும் வேலைக்காகவே தொடர்பு சேர்ப்பதில்லை. ஆகவே இப்படி வகுப்பது முழு நியாயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாத மேனேஜர்களுக்கெல்லாம் "டியர் சார்" போட்டுக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாராவது காட்ட வேண்டாமா?

இந்தியாவில் செய்த ஆய்வுகள்தான் நமக்கு நெருக்கம். அவற்றை மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை வைத்துக் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே சில உழைக்கும் சாதிகளின் ஆண்களுக்கு ஆலை வேலை, கூலி வேலை வாங்கித் தரும் பலமான சாதித் தொடர்புகள் தலைமுறைகளாக இருந்தன. பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1990களில், ஆங்கிலம் படித்தவருக்கு நல்ல சம்பளம் கிடைக்கத் தொடங்கியது. அப்போதும் அந்த வீடுகளில் பையன்களை மராத்தி வழிப் பள்ளிக்கே அனுப்பினார்கள். மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், வேலை நிச்சயம் என்ற தைரியம். பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஆள் யாரும் இல்லை. அவர்கள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், முன்னேறினார்கள். தொடர்பு இருந்தவன் தங்கினான். தொடர்பு இல்லாதவள் போனாள். நீண்ட காலத் தொழில் வாழ்க்கைக்குத் தொடர்பே அடித்தளம் என்பவர்கள் இந்த ஒரு ஆய்வை மட்டுமாவது நிதானமாகப் படிக்கட்டும். தொடர்பு உங்களை எங்கே சேர்க்கும்? அந்தத் தொடர்புக்காரர் இருக்கும் இடத்தில் சேர்க்கும். அதைத் தாண்டி அவருக்கே வழி தெரியாது.

இன்னும் கிட்டத்தில் திருப்பூர். பாலசமுத்திரத்து வீடுகளில் பாதிக்குத் திருப்பூரோடு ஏதாவது ஒரு கணக்கு இருக்கும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் முன்ஷியும் அங்கத்திய பனியன் கம்பெனிகளை ஆராய்ந்து 2004இல் எழுதினார்கள். உள்ளூர்ச் சாதிச் சொந்தபந்தத்தால் முதல் எளிதாகப் புரட்டக்கூடியவர்கள் பெரிய முதலீட்டோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிய முதலோடு தொடங்கினார்கள். உற்பத்தியில் வேகமாக வளர்ந்தது யார்? வெளியிலிருந்து வந்தவர்கள். பணம் திறமையைத் தேடிப் போகாமல் உறவைத் தேடிப் போயிருக்கிறது. திருப்பூரை உருவாக்கியதே உறவுத் தொடர்புதான் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவுக்கு வெளியே நின்றவனிடம் போய், நீயும் தொடர்பு வளர்த்துக்கொள் என்றால் அவன் சாதி மாறிப் பிறந்து வர வேண்டுமா?

திண்டுக்கல் சமவெளியில் தொடர்பை மட்டுமே நம்பி நடந்த ஆளெடுப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசத்தான் நமக்கு வாய் வருவதில்லை. நூற்பு ஆலைகளுக்கு வறண்ட கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைக் கொண்டுபோனார்களே, அதைச் சொல்கிறேன். மூன்று வருடம் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. சுமங்கலித் திட்டம் என்று பெயர். விளம்பரம் கிடையாது, தேர்வு கிடையாது. ஊருக்கு ஒரு ஏஜென்ட். அவர் தெரிந்தவர், பெரும்பாலும் சொந்தக்காரரே. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு என்று கமிஷன். "நம்ம ஆளுதான், நம்பி அனுப்புங்க" என்ற பேச்சை நம்பித்தான் அனுப்பினார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை விரிவாகச் சொன்னது: விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, நீண்ட நேர வேலை, நடுவில் நின்றுவிட்டால் அந்த மொத்தத் தொகை கைக்கு வராத நிலை. அந்தப் பெண்களிடம் தொடர்புக்குப் பஞ்சமே இல்லை. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு என்று எழுதி ஒட்டிய காகிதம் ஒன்றுதான் இல்லை.

இப்போது மறுபக்கம். தொடர்பே இல்லாமல் நம் ஊர்களிலிருந்து மேலே போனவர்கள் எப்படிப் போனார்கள்? தாலுகா ஆபீஸில், பத்திரப்பதிவு அலுவலகத்தில், அரசுப் பள்ளியில், மின்வாரியத்தில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைக்காரர்களைக் கேளுங்கள். பெரும்பாலோர் ஒரு தேர்வின் வழியாக வந்திருப்பார்கள். 1929இல் சென்னை மாகாணம்தான் இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகத் தனக்கென ஒரு பணியாளர் தேர்வாணையத்தை அமைத்தது. அதுவரை உத்தியோகம் எப்படிப் போனது என்பது நீதிக்கட்சிக் காலத்துச் சண்டைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். இருக்கிறவர் தனக்கு வேண்டியவரைக் கொண்டுவருவார், அவர் தனக்கு வேண்டியவரை. அந்தச் சங்கிலியை அறுக்க ஒருபக்கம் வகுப்புவாரி உரிமை, மறுபக்கம் தேர்வாணையம். நேர்முகத் தேர்வில்கூட அந்தச் சங்கிலி ஒளிந்துகொள்ளும் என்பது உச்ச நீதிமன்றத்துக்கே தெரிந்திருந்தது: ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய 1980ஆம் ஆண்டு அஜய் ஹசியா வழக்கில், நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வைப்பது சரியல்ல என்றது. இன்றைக்குக் குரூப் 4 தேர்வில் நேர்முகமே கிடையாது. விடைத்தாளில் இருப்பது ஒரு பதிவு எண். அந்த எண்ணுக்கு மாமா கிடையாது.

எங்களுக்குப் பக்கத்தில் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர்போன ஊர். அங்கே மரத்தடியில் இலவசமாகத் தேர்வுப் பயிற்சி நடக்கிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து தரையில் உட்கார்ந்து படித்துப் போகிறார்கள். "பார்த்தீர்களா, அதுவும் நெட்வொர்க்கிங்தானே" என்று ஒரு நண்பர் மடக்கினார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கே வருகிறவனை யார் அனுப்பினார் என்று கேட்பதில்லை. அவன் கற்றுக்கொண்டு போவது பாடத்தை. கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லி எந்த வேலையும் வாங்க முடியாது. ஒருவருக்குத் தெரிந்ததை ஊருக்கே திறந்துவிடுவதும், ஒருவருக்குத் தெரிந்ததைத் தன் ஆளுக்கு மட்டும் காதில் சொல்வதும் ஒன்றாகிவிடுமா?

தேர்வு வாசல் குறுகல் என்பது நியாயமான எதிர்வாதம். 2024 ஜூன் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். எல்லோரும் அதையே நம்பி முப்பது வயதுவரை மரத்தடியில் உட்கார முடியாது. தனியார் துறைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே ரெஃபரல் என்று ஒன்று இருக்கிறது, உள்ளே இருப்பவர் பெயர் கொடுத்தால் அவருக்கு போனஸ்கூட உண்டு. அது நிர்வாகத்துக்குச் சௌகரியம். ஆனால் அது நல்ல ஆளைக் கொண்டுவருகிறதா? கொல்கத்தாவில் லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் செய்த பரிசோதனை 2012இல் வெளிவந்தது. ஆள் கொண்டுவந்தாலே பணம் என்றபோது பலரும் சொந்தக்காரரைக் கொண்டுவந்தார்கள். வந்தவர் நன்றாக வேலை செய்தால்தான் கூடுதல் பணம் என்றபோது சொந்தக்காரர் குறைந்து, கூட வேலை பார்த்தவர்கள் கூடினார்கள். சிபாரிசுக்குக் கிடைப்பது ஒரு தொகை, திறமைக்குக் கிடைப்பது வேறு தொகை என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. இன்னொரு வழியும் இருக்கிறது: பட்டம் கேட்காமல், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்வு வைத்துச் சேர்த்து, தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கும் ஜோஹோவின் வழி. ஒரு கம்பெனிக்கு முடிந்தது மற்றவற்றுக்கு ஏன் முடியாது என்று அந்தச் சிறப்பு விருந்தினரிடம் யாராவது மைக்கை வாங்கிக் கேட்டிருக்கலாம்.

பெண்களைப் பற்றி இந்த உபதேசம் யோசிப்பதே இல்லை. நெட்வொர்க்கிங் எங்கே நடக்கிறது? ஆபீஸ் முடிந்த பிறகு டீக்கடையில், ராத்திரி விருந்தில், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில், பாரில். கோயம்புத்தூரில் ஹாஸ்டல் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்துப் பார்த்து வேலை செய்யும் பெண்ணோ, கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குத் திரும்ப வேண்டிய பெண்ணோ இதில் எங்கே சேர்வாள்? முன்பின் தெரியாத சீனியருக்கு அவள் தானாகச் செய்தி அனுப்பினால் அடுத்து என்னென்ன பதில் வரும் என்று அவளைக் கேளுங்கள். மலாவியில் பீமன் குழு நடத்திய இன்னொரு பரிசோதனையில், ஆளைச் சொல்லுங்கள் என்றதும் ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே சொன்னார்கள். ஆப்பிரிக்காவரை போக வேண்டியதில்லை; எந்தக் கம்பெனி வாட்ஸ்அப் குழுவையும் திறந்து பார்த்தால் போதும்.

"அப்ப யார்கூடவும் பழகவே வேணாமா?" என்று கேட்பார்கள். பழகுங்கள், தாராளமாக. எங்கள் ஊரில் நல்ல கொத்தனாருக்கு வேலை தேடி ஆள் வரும். மோட்டார் காயில் கட்டுகிறவர் கெட்டிக்காரர் என்றால் நெய்க்காரப்பட்டியிலிருந்துகூடத் தூக்கி வருவார்கள். அதைப் பேர் என்று சொல்கிறோம். சுவர் கட்டிய பிறகு வந்தது அந்தப் பேர். சுவர் கட்டுவதற்கு முன்பே பேரைச் சம்பாதிக்கக் கிளம்புவதைத்தான் நெட்வொர்க்கிங் வகுப்பில் கற்றுத்தருகிறார்கள். இருபது வயதில் ஒரு பிள்ளைக்கு இருப்பது நேரம் ஒன்றுதான். அதை ஆள் தேடுவதில் செலவிட்டவன் முப்பது வயதில் நாலு பேர் நம்பரை வைத்திருப்பான். அந்த நாலு பேருக்கும் மாற்றல் வரும், ஓய்வு வரும், கட்சி தோற்கும், கம்பெனி மூடும். கற்ற தொழிலும் பழசாகும்தான். ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டவனுக்கு அடுத்ததைக் கற்கவும் வரும்.

சிபாரிசில் நுழைந்தவனின் பாட்டையும் யோசியுங்கள். வாங்கிக் கொடுத்தவர் அதை மறப்பதில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக நிற்க வேண்டும்; அவர் மச்சானுக்கு ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் போட வேண்டும்; தேர்தல் வந்தால் அவர் காட்டுகிற பக்கம் போக வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் காட்டாத கடன் அது. நேர்மையாக ஒரு கோப்பை மறுக்க வேண்டிய நாளில்தான் அதன் வட்டி தெரியும்.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வேலைவாய்ப்பு விழாவில் அந்த ஒரு மணி நேரத்தை வேறு எதற்காவது கொடுங்கள். ஓர் ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, பி.எஃப். எவ்வளவு பிடிக்க வேண்டும், புரோக்கர் பணம் கேட்டால் எங்கே புகார் கொடுப்பது என்று சொல்லித்தர ஒரு தொழிலாளர் துறை அதிகாரியை அழையுங்கள். நிறுவனங்களில் மேலே போய்விட்ட எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஆபீஸில் ஓர் இடம் காலியானால் அதை உங்கள் பெரியப்பா மகனுக்குப் போன் பண்ணிச் சொல்லாதீர்கள். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, கடைசி நாள் எது என்று தமிழில் எழுதி, பாலசமுத்திரம் பேரூராட்சி அலுவலகத்துப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்புங்கள். இது உங்கள் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் இல்லை. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், சட்டம் விலக்களித்த சில வேலைகள் தவிர, தங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை இருக்கிறது.